நான் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் தையல் மெஷினில் இருந்தேன். பொங்கலுக்கு அப்புறம் லைன் சூப்பர்வைசராகப் போட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் ஒன்றாக வந்து, ஒன்றாக டப்பாவைத் திறந்து சாப்பிட்டவர்கள், இப்போது நான் போய் உட்கார்ந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். போன வாரம் நாற்பது ஜோடி அப்பர் (ஷூவின் மேல்பாகத் தோல்) ரிஜெக்ட். ஓரம் ரொம்பச் சீவிப்போய் தோல் மெலிசாக வருவது ஒரு பெண்ணுக்குக் காலையிலேயே தெரியும், சொல்லவில்லை. "பயம் இருந்தால்தான் ப்ரொடக்‌ஷன் வரும்" என்கிறார் மேனேஜர். நியாயமாக நடந்தும் வேலை வாங்க முடியாதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பயம் நீங்கள் வருவதற்கு முன்பே அந்த இடத்தில் இருந்தது. அங்கே நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்த்துவைத்துவிட்டுப் போனது. நீங்கள் நல்லவர் என்பதற்காக அது ஆறு மாதத்தில் போய்விடாது, அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் கூடாது.

என் அம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றினார். கட்டுகளை வாங்கிக்கொள்ளும் ஆள் ஒருவர், பீடியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து 'கழிவு' என்று ஒதுக்குவார். ஒதுக்கியது கூலியில் சேராது, ஆனால் அவர் ஸ்டூலுக்கு அடியில் இருக்கும் சாக்குக்குப் போகும். அவருக்குப் பின் வந்தவர் கழிவை அம்மாவின் முறத்திலேயே திருப்பி வைத்து, "நீயே பாரும்மா, இது தேறுமா?" என்பார். அப்படியும் ஒரு வருஷம் அம்மா அவரை நம்பவில்லை, வீட்டில் இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் கிளம்புவார். ஒருநாள் அவரே கூப்பிட்டு, "போன வாரம் ஒரு கட்டு என் கணக்கில் விட்டுப்போச்சு" என்று பாஸ்புக்கில் எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் சரியில்லாத பீடிகளை அம்மாவே பொறுக்கித் தனியாக வைத்துக் கொண்டுபோவார். யாரும் கேட்காமலே.

உங்கள் மேனேஜருக்குச் சொல்ல நம் வேலூரிலேயே ஒரு கதை இருக்கிறது. மக்கான் பக்கம் சிப்பாய் புரட்சி நினைவுத்தூணைப் பார்த்திருப்பீர்கள். 1806இல் புதுத் தலைப்பாகை, அதில் தோலில் செய்த குஞ்சம், நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு. (தோல் அப்போதும் நம்மை விடவில்லை.) மே மாதம் சிப்பாய்கள் முகத்துக்கு நேராகவே மறுத்தார்கள், சவுக்கடி கிடைத்தது. அதற்குமேல் யார் வாய் திறப்பார்கள்? பேச்சு ராத்திரிக்குப் போய்விட்டது. ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கலகம் வரப்போகிறது என்று தன் வெள்ளைக்கார கர்னலிடம் போய்ச் சொன்னார். விசாரிக்கும் வேலை அங்கிருந்த இந்திய அதிகாரிகளிடமே போனது. பைத்தியக்காரன் என்றார்கள், பூட்டிவைத்தார்கள். ஜூலை 10, விடிவதற்கு முன் கோட்டைக்குள் வெட்டும் சுடுதலும். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அடக்கியதில் செத்த சிப்பாய்கள் இன்னும் அதிகம். மறு வருஷம் கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது.

முஸ்தபா பேக்கைக் காட்டிக்கொடுத்தவர் என்று திட்டுபவர்கள் உண்டு, நானும் சிப்பாய்கள் பக்கம்தான். ஆனால் நாற்காலியில் இருந்து பாருங்கள். பயம் என்கிற ஏற்பாடு அத்தனை பக்காவாக வேலை செய்துகொண்டிருந்தது, அதனால்தான் மேலே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்கள் நாற்பது ஜோடியும் அப்படிப் போனதுதான்.

டப்பாவோடு போய் உட்கார்வதை விட்டுவிடாதீர்கள், ஆனால் அதை நம்பியும் இருக்காதீர்கள். டார்கெட்டைத் தப்பாகப் போட்டது நீங்கள் என்றால் லைனில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். மேனேஜர் கத்தினால் அது உங்களோடு நிற்கட்டும், கீழே இறக்கிவிடாதீர்கள். கெட்ட சேதியோடு முதலில் வருகிறவருக்கு என்ன ஆகிறது என்பதை லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும், தலையை நிமிர்த்தாமலே.

அது சரி, காலையிலேயே தெரிந்தும் சொல்லாத அந்தப் பெண்ணிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லையே.