ஸ்காரா ரோபோ: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சார், பாகங்களைப் பொருத்தும் ரோபோ கையான ஸ்காராவை (SCARA) 1978-இல் ஜப்பானின் யமனாஷி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி மகினோ உருவாக்கினார் என்று படித்தேன். ஆறு அச்சு ரோபோக்கள் (ஆறு விதமாக அசையக்கூடியவை) அப்போதே இருந்தனவே, இதில் என்ன புதுமை?

பதில்: மகினோ ரோபோவை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். அசெம்பிளியில், அதாவது பாகங்களைப் பொருத்திச் சேர்க்கும் வேலையில், பெரும்பாலான பாகங்கள் மேலிருந்து நேராகக் கீழேதான் இறங்குகின்றன: துளையில் பின் (சிறு உலோகக் குச்சி) செருகுவது, திருகு முடுக்குவது எல்லாமே அப்படித்தான். அதற்கு நான்கு அச்சு போதும். தோளும் முழங்கையும் கிடைமட்டமாகச் சுழலும். நுனியிலுள்ள தண்டு ஏறி இறங்கும், தன்னைத்தானே சுற்றும்.

கேள்வி: அந்தக் கை பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்து கொடுக்குமாமே? ரோபோ விறைப்பாக இருப்பதுதானே நல்லது?

பதில்: எல்லாத் திசையிலும் இல்லை. பின்னுக்கும் துளைக்கும் இடைவெளி பல நேரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். முழு விறைப்பான கை இம்மி விலகினாலும் பின் துளை விளிம்பில் முட்டிச் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். அழுத்த அழுத்த இன்னும் இறுகும். ஸ்காராவில் துளை வாயின் சாம்ஃபர் (விளிம்பைச் சீவிய) சரிவு பின்னைத் தள்ளும்போது கை வழிவிட்டு நகரும், பின் நிமிர்ந்தபடியே உள்ளே போய்விடும். கீலில் நிற்கும் கதவு விரலால் தள்ளினாலே திறக்கும், மேலிருந்து அழுத்தினால் அசையாது; அதே மாதிரிதான் இதுவும். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த யோசனை இது. சென்சாரும் இல்லை, புரோகிராமும் இல்லை. சின்னப் பிசகைச் சமாளிக்கும் வேலையை மூட்டுகளின் அமைப்பே செய்துவிடுகிறது!

கேள்வி: இவ்வளவு வேகம் எப்படி வருகிறது?

பதில்: சுழலும் மூட்டுகளின் அச்சுகள் செங்குத்தானவை. கையின் எடையை பேரிங்குகள் தாங்கிக்கொள்கின்றன. அதனால் அந்த மோட்டார்கள் எதையும் தூக்க வேண்டியதில்லை, வீசினால் போதும்.

கேள்வி: பல்கலைக்கழகத்திலிருந்து ஆலைக்கு எப்படி வந்தது?

பதில்: மகினோ பல நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு மாதிரியைச் சோதித்தார். 1981-இல் சான்கியோ செய்கி, பென்டெல், என்.இ.சி. ஆகியவை விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஆமாம், பேனா செய்யும் அதே பென்டெல்தான்.

கேள்வி: எங்கள் யூனிட்டில் ஒரு ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) சாய்வான துளையில் திருகு போட வேண்டும். ஸ்காரா சரிப்படுமா?

பதில்: இப்போது இருக்கிறபடியே என்றால் சரிப்படாது, அதன் தண்டு செங்குத்தாக மட்டுமே இறங்கும். உடனே ஆறு அச்சுக்குப் போய்விடாதீர்கள். பாகத்தைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்சரைச் சாய்த்துத் துளையை நிமிர்த்த முடியுமா என்று முதலில் பாருங்கள். ஒரே கோணம் என்றால் அநேகமாக முடியும். இரண்டு மூன்று கோணங்கள் இருந்தால் அப்புறம் ஆறு அச்சைப் பற்றிப் பேசலாம்.