ஆற்றங்கரையில் ஒரு காலை நடை

ஐயா,

போன ஞாயிறு மதியம் என் ஒன்பது வயது மகனை மேட்டூர் அணைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். நல்ல கூட்டம். மானும் முதலையும் அடைப்புக்குள் இருந்தன. "வெளியில சும்மா திரியறதெல்லாம் எங்கப்பா இருக்கும்?" என்று கேட்டான். சேலம் பக்கத்தில் ஆற்றோரமாக நடந்து அப்படிப் பார்க்க இடம் இருக்கிறதா?

ஒரு வாசகர், அம்மாபேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

பையன் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவனைப் பூலாம்பட்டிக்குக் கூட்டிப் போங்கள். எடப்பாடி வழியாகப் போகலாம். கதவணையில் தண்ணீரைத் தேக்குவதால் காவிரி அங்கே அகன்று கிடக்கும். அக்கரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை; இரண்டு ஊருக்கும் நடுவே படகு உண்டு. வருகிறவர்கள் பெரும்பாலும் படகேறி, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்களும் சாப்பிடுங்கள், ஆனால் நடந்து முடித்த பிறகு.

நேரம்தான் முக்கியம். மதிய வெயிலில் பறவைகளும் நிழலில் ஒதுங்கிவிடும். காலை ஏழு மணிக்கு முன்பே கரையில் இருங்கள். ரொம்ப தூரம் நடக்க வேண்டியதில்லை. கொஞ்சம் நடந்து, ஓரிடத்தில் உட்கார்ந்து, பேசாமல் பாருங்கள்.

பாம்பு தலை தூக்கினாற்போல் நீருக்கு மேலே வெறும் கழுத்து மட்டும் தெரிந்தால் அது பாம்புத்தாரா. உடம்பு நீருக்குள் இருக்கும். அதன் இறகு நன்றாக நனைந்து ஊறிவிடும். அதனால்தான் சுலபமாக மூழ்க முடிகிறது. அலகால் மீனைக் குத்தி மேலே கொண்டுவந்து, உதறித் தூக்கிப்போட்டுத் தலைப்பக்கமாக விழுங்கும். அப்புறம் பாறையிலோ பட்ட மரத்திலோ ஏறி இறக்கையை விரித்துக் காயவைக்கும். வெகுநேரம் அசையாமல் நிற்கும், பையன் நிதானமாகப் படம் வரையலாம். நீர்க்காகமும் இப்படித்தான் இறக்கை காயவைக்கும். அலகைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்: நுனி கொக்கியாக வளைந்திருந்தால் நீர்க்காகம், நேராகக் கூர்மையாக இருந்தால் பாம்புத்தாரா.

கருப்பு வெள்ளை மீன்கொத்தியையும் தேடச் சொல்லுங்கள். அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, குறி பார்த்துத் தலைகீழாக நீரில் விழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. காவிரியில் நீர்நாயும் உண்டு. அது கண்ணில் படுவது அபூர்வம்; பரிசல்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆற்றை அவர்கள்தான் தினமும் பார்க்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக நேரமில்லாத நாளில் கன்னங்குறிச்சி மூக்கனேரி போதும். ஏரிதான், ஆனால் சேர்வராயன் மலைத் தண்ணீர் வந்து சேரும் ஏரி. தூர்வாரிய மண்ணையே உள்ளே திட்டுகளாகக் குவித்து, ஊர்க்காரர்கள் மரம் வளர்த்திருக்கிறார்கள். சேலத்துக்காரர்கள் செய்த நல்ல காரியங்களில் இதை நான் முன்வரிசையில் வைப்பேன். முக்குளிப்பான் அங்கே குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதைப் பார்க்க வாய்ப்பிருக்கிறது.

சத்தமாகப் பாட்டு வைக்க வேண்டாம், தின்பண்டம் எதையும் தண்ணீரில் வீச வேண்டாம். மேட்டூரில் 120 அடி நிரம்பி உபரி நீர் திறந்துவிட்டால் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள். அந்தச் சமயத்தில் பூலாம்பட்டிப் பக்கம் போகவே போகாதீர்கள். மற்ற நாளிலும் பையனை ஆற்றுப் பாறையில் இறங்க விடாதீர்கள். கரையிலிருந்தே எல்லாம் தெரியும். போய்வந்த பிறகு, பார்த்ததை அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.