வெளிநாட்டில் சொந்தத் தொழில்: அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர வழி என்ன?

கேள்வி: அண்ணா, சுயதொழில் விசாவில் ஜெர்மனி போகிறேன். நேராக அரசுக் காப்பீட்டில் சேரலாமா?

பதில்: பெரும்பாலும் முடியாது தம்பி. சுயதொழில்காரர் விருப்பத்தின் பேரில் சேர வேண்டுமென்றால், அதற்குச் சற்று முன்புவரை தொடர்ந்து 12 மாதமோ, கடந்த 5 ஆண்டில் மொத்தம் 24 மாதமோ அரசுக் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருந்த காலமும் கணக்கில் வரும், ஆனால் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து முதல்முறை வருபவரிடம் அது எங்கே இருக்கும்? தனியார் காப்பீடுதான் மிஞ்சும், அதில் வயது ஏற ஏறத் தவணையும் கனக்கும். முடிந்தால் முதலில் ஒரு சம்பள வேலையில் சேருங்கள், அதன் வழியாக அரசுக் காப்பீட்டுக்குள் போய்விட்டு, பிறகு வேலையை விட்டுத் தொழில் தொடங்கினாலும் அதிலேயே தொடரலாம். 55 வயதைத் தாண்டிவிட்டால் தனியாரிலிருந்து அரசுப் பக்கம் வருவது ஏறக்குறைய நடக்காத காரியம். அதனால் விசா விண்ணப்பத்துக்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: அங்கே சொந்தக் கம்பெனி தொடங்கி எனக்கு நானே சம்பளம் போட்டுக்கொண்டால்?

பதில்: பாதியோ அதற்கு மேலோ பங்கு உங்கள் கையில் இருக்கும் நிர்வாக இயக்குநர் என்றால், சம்பளச் சீட்டு இருந்தாலும் சமூகக் காப்பீட்டுச் சட்டத்தில் நீங்கள் ஊழியர் இல்லை. பலர் இதில்தான் ஏமாந்து போகிறார்கள்.

கேள்வி: ஜப்பானில் தொழில் தொடங்கப் போகிறேன். மனைவிக்கு வருமானம் இல்லை, இரண்டு பிள்ளைகள். தனிநபராகவா, கம்பெனியாகவா?

பதில்: காப்பீட்டை மட்டும் வைத்துச் சொல்கிறேன். தனிநபர் என்றால் நகராட்சி அலுவலகத்தில் தேசிய சுகாதாரக் காப்பீடு. 3 மாதத்துக்கு மேல் தங்குகிற எல்லாருக்கும் அது கட்டாயம். தவணை முந்தைய ஆண்டு வருமானத்தைப் பார்த்து வரும் என்பதால், ஜப்பானில் வருமானமே இல்லாத முதல் ஆண்டில் குறைவாக இருக்கும், அதை நம்பி அடுத்த ஆண்டுக்கு ஒதுக்காமல் இருந்துவிடாதீர்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கு ஏறும். கம்பெனி தொடங்கி இயக்குநராக ஊதியம் எடுத்தால், நீங்கள் ஒரே ஆள் என்றாலும் ஊழியர் காப்பீட்டில் சேர்ந்தே ஆக வேண்டும். அதில் மனைவி, பிள்ளைகளுக்குத் தனித் தவணை கிடையாது, ஆனால் ஓய்வூதியத் தவணையும் கூடவே வரும், கம்பெனியின் பங்கும் உங்கள் பணம்தானே! எந்த வழியில் போனாலும் சிகிச்சைச் செலவில் பெரியவர்கள் பொதுவாக 30 விழுக்காடு கட்ட வேண்டும்.

கேள்வி: பிரிட்டனுக்கு 3 ஆண்டு தொழில்முனைவோர் விசா. அங்கே எப்படி?

பதில்: அங்கே அரசுக் காப்பீடு என்று தனியாக இல்லை, அரசு மருத்துவ சேவைதான். விசா விண்ணப்பத்தோடு சுகாதாரக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 3 ஆண்டுக்கு 3,105. பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 776. போனவுடன் பக்கத்துக் குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் தொழில் பாஸ் வைத்திருக்கிறேன், அந்நாட்டு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான்.

கேள்வி: பிரான்சில் அரசுக் காப்பீட்டில் சேர 3 மாதம் காத்திருக்க வேண்டுமாமே?

பதில்: தொழில் எதுவும் செய்யாமல் குடியேறுபவருக்குத்தான் அது. தொழிலை முறையாகப் பதிந்தவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் உரிமை முன்பே தொடங்கிவிட்டாலும், காப்பீட்டு அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை மருத்துவர் தரும் சிகிச்சைப் படிவங்களைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் பணத்தைத் திரும்பக் கேட்க அவைதான் ஆதாரம்.