கேள்வி பதில்: மாற்றுத்திறனாளிகளுடன் பணியாற்றுவோருக்கான பயிற்சி

(தருமபுரியில் சிறப்பாசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவரும் மூத்த பயிற்றுநர், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.)

பள்ளி ஆசிரியை, பென்னாகரம்: ஐயா, பயிற்சியில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தையும் அதிலுள்ள 21 வகைக் குறைபாடுகளையும் விளக்கினார்கள். ஆனால் என் வகுப்பில் உள்ள பார்வைக் குறைபாடுள்ள மாணவனுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று தெரியவில்லை.

பதில்: அந்த வகைப்பட்டியல் சான்றிதழ் வழங்குவதற்குப் பயன்படும், பாடம் நடத்த அது போதாது. எந்த அளவு எழுத்தை அவன் படிக்கிறான், எந்தப் பக்கத்து வெளிச்சம் அவனுக்குக் கூசுகிறது, எங்கே அமர்ந்தால் கரும்பலகை தெரிகிறது என்பவற்றை அவனிடமே கேட்டறியுங்கள். எழுதும்போதே வாய்விட்டுப் படியுங்கள். 'இதையும் இதையும் கூட்டினால்' என்னாமல் எண்களைச் சொல்லுங்கள். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் வரும் நாளில் மாணவனைத் தனியே அனுப்பிவிடாமல், அவரை உங்கள் வகுப்பில் அமரச் செய்து, ஒரு பாடத்தை இருவரும் சேர்ந்து திட்டமிட்டு நடத்துங்கள்.

பயிற்சிகளில் கண்ணைக் கட்டி நடக்கவிடும் விளையாட்டு எனக்கு உடன்பாடானதன்று. பத்து நிமிட இருட்டு அச்சத்தையும் இரக்கத்தையும் கற்பிக்குமே தவிர, பல ஆண்டுகளாகப் பார்வையின்றி வாழ்பவர் பெற்ற திறனைக் காட்டாது. அத்தகைய ஒருவரையே, உரிய மதிப்பூதியம் அளித்து, பயிற்றுநராக அழைப்பது மேல்.

அங்கன்வாடிப் பணியாளர், தளி: மூன்று வயதுக் குழந்தை மையத்தில் பேசுவதே இல்லை. மனவளர்ச்சிக் குறைபாடு என்று எழுதிவிடலாமா?

பதில்: எழுத வேண்டாம் அம்மா, அது மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டியது. உங்கள் பகுதியில் பல வீடுகளில் கன்னடமோ தெலுங்கோ பேசப்படுவதால், குழந்தை வீட்டு மொழியில் எத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசுகிறது, பின்னாலிருந்து அழைத்தால் திரும்புகிறதா என்று தாயிடம் அவர் மொழியிலேயே கேளுங்கள். வீட்டில் நன்றாகப் பேசினால் மையத்து மொழி பழகும்வரை அவகாசம் கொடுங்கள். வீட்டிலும் பேச்சில்லையெனில், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று காத்திராமல், நடமாடும் மருத்துவக் குழு வழியாக மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பி, முதலில் செவித்திறனைப் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

ஒன்றியப் பொறியாளர், அரூர்: இது மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் வேலையல்லவா? எங்களுக்கு ஏன் பயிற்சி?

பதில்: 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, மாற்றுத்திறன் பற்றிய பாடம் பயில வேண்டியோரில் ஆசிரியர், மருத்துவர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளரோடு பொறியாளரையும் கட்டடக் கலைஞரையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சாய்தளத்துக்கு 1:12 (உயரம் : நீளம்) என்ற விகிதப்படி, 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லையென்று பாதி நீளத்தில் கட்டப்படுவது புகைப்படத்துக்கு உதவும். சக்கர நாற்காலிக்கு உதவாது. கட்டுமானச் செலவின் இறுதிப் பட்டியலில் (பில்) கையெழுத்திடும் முன், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் ஒருவரை அழைத்து ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மனிதவள அலுவலர், ஒசூர்: காது கேளாத இளைஞர்களைப் பணியில் சேர்க்கவிருக்கிறோம். யாருக்குப் பயிற்சி அளிப்பது?

பதில்: முதலில் மேற்பார்வையாளர்களுக்கு. தனியார் நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்பது விதி. அதைப் பெரும்பாலும் அலுவலகத்தில் இருப்பவர்கள்தாம் அறிவார்கள், இயந்திரத்தருகே நிற்பவர் அறியார். அபாயச் சங்கோடு ஒளிரும் விளக்கும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக் காட்டினால் போதும் என எண்ணாதீர்கள்; சைகைமொழியில் வளர்ந்த சிலருக்கு எழுத்துத் தமிழ் கடினமாக இருக்கும். படங்களும் செய்துகாட்டலும் உதவும். பாதுகாப்பு வகுப்புகளுக்கும் பணிமதிப்பீட்டுக்கும் சைகைமொழி பெயர்ப்பாளரை வரவழையுங்கள்.