இரண்டு மணி நேரத்தில் தூத்துக்குடியா?

கேள்வி: மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிறோம். நான்கு பேர். பிள்ளைகளுக்குப் பத்து வயது, பதின்மூன்று வயது. வழியில் தூத்துக்குடிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். "அது துறைமுக ஊர், பார்க்க ஒன்றும் கிடையாது, மக்ரூன் இனிப்பு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடு" என்கிறார் ஏற்கெனவே போய்வந்த நண்பர். அவர் சொல்வது சரியா? எந்த ஓட்டலில் சாப்பிடலாம், என்ன குடிக்கலாம், எதைப் பார்க்கலாம்? படகு பிடித்துத் தீவுக்குப் போக முடியுமா?

– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: சரியில்லை. உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை, அவர் போன நேரம்தான் தப்பு. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் இறங்கியிருப்பார். அந்த நேரத்தில் காலை மீன் ஏலம் முடிந்திருக்கும், பதநீர் தீர்ந்திருக்கும், இருட்டோடு உப்பளத்துக்குப் போனவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள், புரோட்டாக் கடையில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். லாரியும் புழுதியும்தான் கண்ணில் பட்டிருக்கும். அதை வைத்து ஓர் ஊரையே ஒன்றுமில்லாத ஊர் என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியாது.

இது வேலை செய்கிற ஊர். வருகிறவர்களுக்காக ஜோடித்து வைத்த ஊர் இல்லை. மீனும் உப்பும் தோணியும் எந்த நேரத்தில் அசைகின்றனவோ அந்த நேரத்தில் போனால்தான் பார்க்கவும் கிடைக்கும், நல்லதாகச் சாப்பிடவும் கிடைக்கும். ஆகவே எந்த ஓட்டல் என்று கேட்பதை விட எந்த நேரம் என்று கேட்பதே மேல். என் யோசனை இதுதான்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து ஒரு ராத்திரி தங்குங்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் திருச்செந்தூருக்குக் கிளம்பலாம். சுமார் 40 கிலோமீட்டர்தான்.

ஏன் சனிக்கிழமை? இங்குள்ள மீனவர்களில் பெரும்பாலானவர்கள் கத்தோலிக்கப் பரதவர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. தங்குகடலுக்கு, அதாவது சில நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போன நாட்டுப் படகுகள் சனிக்கிழமையோடு கரைக்கு வந்துவிடும். அன்றைக்குத் திரேஸ்புரம் என்கிற மீனவர் பகுதிக்குக் காலையிலேயே போங்கள். படகிலிருந்து கூடை கூடையாக இறங்குவதையும், ஏலம் கூவுவதையும், மீன் வாங்க வந்த பெண்கள் ஒரே பார்வையில் தரம் பிரிப்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். ஓரமாக நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கூடை தூக்கி வருகிறவருக்கு வழி மட்டும் விட்டுவிடுங்கள்.

நீங்கள் போவது மே மாதம் என்பதால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விடுகிற இடைவெளி அது. மற்ற மாதங்களில் விடியுமுன் கிளம்பி ராத்திரி ஒன்பது மணி வாக்கில் திரும்புகிற விசைப்படகுகள் அப்போது மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. எனவே மீன் கிடைக்கும், ஆனால் வரத்து குறைவு, விலை கூடுதல். அந்த நாட்களில் வெளியூரிலிருந்து ஐஸ் போட்டு வந்த மீனும் ஓட்டல்களுக்குப் போகிறது. கடற்கரை ஊருக்குப் போய் அதைச் சாப்பிட்டுவிட்டு வருவதற்கு ஈரோட்டிலேயே சாப்பிடலாம்.

ஆகவே ஓட்டலில் உட்கார்ந்ததும் "இன்றைக்குக் கரையில் என்ன வந்தது?" என்று கேளுங்கள். உடனே இரண்டு மூன்று பெயர் சொன்னால் அங்கே சாப்பிடலாம். எல்லாம் இருக்கிறது என்றால் எழுந்துவிடுங்கள். பெயர்களையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் வஞ்சிரம் என்று சொல்வது இங்கே சீலா. ஊளி, பாறை, விளைமீன் மூன்றும் குழம்புக்கு நன்றாக இருக்கும். சீலா பேர்பெற்ற மீன், அதனால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். நான் சாளையைச் சொல்வேன். விலை குறைந்த மீன் என்று ஒதுக்காமல், பிடித்த அன்றே புளி கூட்டி வைத்த சாளைக் குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். முள் அதிகம், சின்னவருக்கு நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்துக்குத் தகுதியான மீன்தான்.

ராத்திரிக்குப் புரோட்டா. இந்த ஊரில் புரோட்டாக் கடைக்குப் பழைய பெயர் 'நைட் கிளப்'. சாயங்காலம் திறந்து ராத்திரி வரை நடப்பதால் வந்த பெயர். யாராவது அப்படி வழி சொன்னால் பயந்துவிடாதீர்கள், குடும்பத்தோடு போகிற இடம்தான். சுடச்சுடக் கல்லிலிருந்து எடுத்து, அடித்து உதிர்த்து, இலையில் போட்டதும் பிய்த்துச் சால்னா ஊற்றி ஊறவிட வேண்டும். கூட்டம் நிற்கிற கடையாகப் பாருங்கள். கூட்டம் இருந்தால்தான் கல் ஆறாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

குடிப்பதற்கு உங்களுக்கு வாய்த்த மாதம் அருமையான மாதம். மே என்றால் பதநீர், நுங்கு. திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கமெல்லாம் பனங்காடு. செம்மணல் குவிந்து கிடக்கும் தேரிக்காட்டையும் அந்தப் பக்கம் பார்க்கலாம். பதநீரை வெயில் ஏறுவதற்கு முன், காலையிலேயே குடித்துவிட வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டுவதால்தான் பாளையிலிருந்து சொட்டுவது புளிக்காமல் பதநீராக நிற்கிறது. இல்லையென்றால் அது கள். நேரம் ஆக ஆக, சூடு ஏற ஏற ருசி மாறிவிடும். அதனால் மத்தியானத்துக்கு மேல் பிளாஸ்டிக் பாட்டிலில் நீட்டுவதை வாங்காதீர்கள். பனையோலைப் பட்டையில் ஊற்றி, இளநுங்கை நசுக்கிப் போட்டுக் கொடுப்பவரிடம் குடியுங்கள். பட்டையை இரண்டு கையாலும் ஏந்தி ஓரத்தில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். பிள்ளைகள் முதல் தடவை சட்டையில் ஊற்றிக்கொள்வார்கள், இரண்டாவது பட்டைக்குச் சரியாகிவிடும். சாயங்காலத்துக்குக் கருப்பட்டிக் காப்பி. சுக்கு தட்டிப் போட்டது என்றால் இன்னும் நல்லது. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது, வீட்டுக்கும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்ப்பதற்கு முதலில் உப்பளம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைகிற இடம் இதுதான். நீங்கள் திருச்செந்தூர் போகிற சாலையிலேயே முத்தையாபுரம், முள்ளக்காடு தாண்டும்போது இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தெரியும். கடல் தண்ணீரைப் பாய்ச்சி விளைவிப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து இறைக்கிற உவர்நீர். அதைப் பாத்தியில் விட்டு வெயிலில் காயவிட்டு, உப்பை வாரி, அம்பாரமாகக் குவிக்கிறார்கள். மே மாதம் வேலை மும்முரமாக நடக்கும் காலம். வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு வெகுமுன்பே, டார்ச் வெளிச்சத்தில் தொடங்குகிறார்கள். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் உழைக்கிறார்கள். உப்பில் நின்று நின்று காலில் புண், வெள்ளைத் தரையின் கூசலில் கண் கெடுவது, மழைக்காலத்தில் வேலையே இல்லாமல் போவது, இத்தனையும் சேர்ந்ததுதான் நம் வீட்டு உப்பு. ஆகவே அம்பாரத்தின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். இதைக் கோபமாகவே சொல்கிறேன். உப்பளத்தைத் திருமண ஆல்பத்துக்கு வெள்ளைத் திரையாக மட்டும் பார்க்கிற பழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது.

ஊருக்குள் பனிமய மாதா பேராலயம். இங்குள்ள மாதா சுரூபம் (சிலை) 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்கிறார்கள். இப்போதைய கோயில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஏழு கடற்துறைக்கும் (பரதவர்களின் ஏழு பழைய கடற்கரை ஊர்கள்) அடைக்கலத் தாய் என்று கடலோரம் முழுக்கக் கும்பிடுகிறார்கள். எல்லா மதத்தவரும் வருவார்கள். ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை திருவிழா. தங்கத் தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை, விசேஷ ஆண்டுகளில் மட்டும்தான். கடைசியாக நான் அறிந்தது 2013, 2023. அடுத்த தடவை ஆகஸ்டில் வர முடிந்தால் வாருங்கள்.

அங்கிருந்து கடற்கரைச் சாலையில் நடந்தால் பழைய துறைமுகம். இந்த ஊரில் நான் அதிக நேரம் நிற்கிற இடம் இதுதான். 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்கு விட்ட ஊர் இது. 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பக்கபலமாக நின்றதும் இங்கேதான். அதே ஆண்டு கைதானார். 1936இல் இதே ஊரில் காலமானார். உங்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைப் பாடத்தில் படித்திருப்பார். மனப்பாடம் செய்த பெயருக்குப் பின்னால் இருக்கும் தண்ணீரைக் காட்டுங்கள். ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது, நேரம் இருந்தால் அதையும். பழைய துறைமுகத்திலிருந்து இன்றைக்கும் மரத் தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஓட்டம் கிடையாது, எனவே மே தொடக்கத்தில் போனால் ஏற்றுவதைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

சாயங்காலத்துக்கு முத்துநகர் கடற்கரை, ரோச் பூங்கா இரண்டும் போதும். முத்து எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். இங்கே முத்துக் குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். சங்கு குளிப்பு இன்னமும் இருக்கிறது. எனவே கடையில் முத்து மாலையைக் காட்டி இந்தக் கடலில் எடுத்தது என்று சொன்னால் நம்பி வாங்காதீர்கள்.

தீவுக்குப் படகு கேட்டீர்கள். வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதியில்லாமல் இறங்குவது குற்றம். யாராவது காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். முன்பு சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். தடுப்பு போனதும் அலை தீவைத் தின்றது. தூத்துக்குடிப் பக்கமுள்ள நான்கு தீவுகளில் விலாங்குச்சல்லி முழுகியே போனது. வான் தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள். கரியாச்சல்லியும் சுருங்கிக்கொண்டே வருகிறது. முத்துநகர் கடற்கரையில் அலை ஏன் இவ்வளவு சாதுவாக இருக்கிறது என்று உங்கள் சின்னவர் கேட்டால், வெளியே இந்தத் தீவுகளும் பாறைகளும் வாங்கிக்கொள்வதும் ஒரு காரணம் என்று சொல்லுங்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் போக ஆசை என்றால் துறைமுகப் பக்கம் முயல் தீவு இருக்கிறது. பெயரில்தான் தீவு, சாலை வழியாகவே போகலாம்.

திருச்செந்தூர் முடித்து இன்னொரு நாள் மிச்சம் இருந்தால் தெற்கே மணப்பாடு. கடலுக்குள் நீட்டி நிற்கும் மணல் மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில். கீழே, 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. வடமேற்கே போவதானால் ஆதிச்சநல்லூர். பழங்கால முதுமக்கள் தாழியைத் தோண்டிய இடத்திலேயே கண்ணாடி வழியாகக் குனிந்து பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள்.

கடைசியில் மக்ரூன். நண்பர் சொன்னதில் இது மட்டும் சரி. முட்டையின் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் சேர்த்து, கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் வெகுநேரம் வைத்து எடுப்பது. பாதாம் இல்லை, முந்திரி. முட்டை சாப்பிடாதவர்களுக்குக் கொடுப்பதானால் சொல்லிவிட்டுக் கொடுங்கள், வெள்ளை நிறத்தைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். கடல் காற்று பட்டால் ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும். ஆகவே அதை ஊருக்குள் நுழைந்ததும் வாங்காமல், சனிக்கிழமை கிளம்புகிற நேரத்தில் வாங்குங்கள். காகிதப் பையில் வேண்டாம். வீட்டிலிருந்தே ஓர் எவர்சில்வர் டப்பா எடுத்துப் போங்கள், மூடி இறுக்கமானதாகப் பார்த்து.