வாசகர் கேள்வி: ஒரே கிரிஸ்பர், ஒருவருக்கு அனுமதி, ஒருவருக்குச் சிறை

கேள்வி: மரபணுவை வெட்டித் திருத்தும் கருவியான கிரிஸ்பரைக் கொண்டு செய்யும் சிகிச்சைக்கு அரசுகளே அனுமதி தருகின்றன. அதே கிரிஸ்பரைக் கையில் எடுத்த சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் மட்டும் ஏன் சிறைக்குப் போனார்?

பதில்: அவர் வெட்டியது கருவில். அதுதான் வித்தியாசம்.

2023 நவம்பரில் பிரிட்டனும் அடுத்த மாதமே அமெரிக்காவும் அனுமதித்த 'காஸ்ஜெவி', அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய்க்கான கிரிஸ்பர் சிகிச்சை. நோயாளியின் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் திருத்தி, தரம் பார்க்கிறார்கள். பிறகு கீமோ மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்துவிட்டு அவற்றைத் திரும்ப ஏற்றுகிறார்கள். தரம் தேறாத செல் தொகுப்பை ஏற்றாமலே விட்டுவிடலாம். மாற்றமும் அந்த நோயாளியோடு நின்றுவிடும்.

கருவில் அந்த வசதி கிடையாது. வெட்டு நடப்பதற்குள் செல் பிரிந்துவிட்டால், சில செல்களில் ஒரு மாற்றம், சிலவற்றில் வேறொன்று, சிலவற்றில் எதுவுமே இல்லை என்றாகிவிடும். கருவிலிருந்து கிள்ளியெடுத்துச் சோதிப்பது நாலைந்து செல்களைத்தான். மீதிச் செல்களில் என்ன இருக்கிறது என்பதை அவை காட்டாது. எச்ஐவியைத் தடுக்க ஹே ஜியான்குய் முடக்க நினைத்தது, அந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் சிசிஆர்5 மரபணுவை. இயற்கையாக எதிர்ப்பு உள்ளவர்களுக்கு அதில் 32 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருக்கும். அவர் திருத்திய கருக்களிலிருந்து 2018-ல் பிறந்த இரட்டைக் குழந்தைகளிடம் அமைந்ததோ அந்த மாற்றம் அல்ல. இத்தனைக்கும், தந்தைக்கு எச்ஐவி இருந்தால் விந்தணுவைக் கழுவிப் பயன்படுத்தும் முறை ஏற்கெனவே உண்டு. தேவையே இல்லாத அபாயம் என்பேன்.

2019 டிசம்பரில் அவருக்கு மூன்று ஆண்டு சிறை, 30 லட்சம் யுவான் அபராதம். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? சட்டவிரோதமாக மருத்துவம் செய்தது! திருத்திய கருவைக் கருப்பையில் வைப்பதையே குற்றமாக்கும் பிரிவு சீனக் குற்றவியல் சட்டத்தில் 2021 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: உமிழ்நீர் அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்ய ஆசை. பெயரை மறைத்தால் போதுமா?

பதில்: போதாது. 2018-ல் கலிபோர்னியா போலீஸ் ஒரு தொடர் கொலையாளியைப் பிடித்தது, அவனுடைய தூரத்துச் சொந்தங்கள் வம்சாவளித் தளத்தில் பதிவேற்றிய டிஎன்ஏ விவரம் வழியாக. அவன் எதையும் பதிவேற்றவில்லை.

அனுப்புமுன் படிவத்தைப் பாருங்கள். மாதிரியைச் சேமிப்பதற்கும் ஆய்வுக்குப் பகிர்வதற்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்டால், இரண்டுக்கும் 'வேண்டாம்' என்றே குறியுங்கள். பின்னால் கணக்கை நீக்கும்போது, மாதிரியை அழித்துவிட்டார்களா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே ஆய்வுக்குள் போய்விட்ட தரவைத் திரும்பப் பெற முடியாது. காப்பீட்டையும் யோசியுங்கள்: அமெரிக்காவின் 2008 சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கிறது, ஆயுள் காப்பீடு அதற்குள் வராது.