தொப்பையும் சி.ஆர்.பி.யும்: எதிர்ப்பு சக்திப் பொடி தேவையா?

கேள்வி: எனக்கு 43 வயது, ஆண். எடை 84 கிலோ, உயரம் 168 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 101 செ.மீ. மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1. அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. 4.6 வந்திருக்கிறது, "உடம்பில் அழற்சி இருக்கிறது" என்றார்கள். எடைக்கும் எதிர்ப்பு சக்திக்கும் என்ன சம்பந்தம்? எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி ஒன்றை உறவினர் வாங்கித் தந்திருக்கிறார். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதாக உங்கள் ரிப்போர்ட்டில் எதுவும் இல்லை. எதிர்ப்பு செல்கள் தேவையில்லாத இடத்தில் ஓயாமல் வேலை செய்கின்றன என்றுதான் அது காட்டுகிறது. உங்கள் சுற்றளவைப் பார்த்தால், அந்த இடம் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கொழுப்புத் திசுவில் ஒல்லியானவர்களுக்கும் எதிர்ப்பு செல்கள் உண்டு. இறந்த செல்களை விழுங்கித் துப்புரவு செய்ய மேக்ரோஃபேஜ்கள், சண்டை கிளம்பாமல் அடக்கி வைக்க டி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை என்று அமைதியாக இருக்கும் இடம் அது. வருடக்கணக்கில் தேவைக்கு மேல் சாப்பிடும்போது ஒவ்வொரு கொழுப்பு செல்லும் ஊதிப் பெருக்கிறது. ஓர் அளவுக்கு மேல் ஆக்ஸிஜன் போதாமல் சில செல்கள் இறக்கின்றன. உடனே ரத்தத்திலிருந்து புது மேக்ரோஃபேஜ்கள் வந்து குவிகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், இறந்த கொழுப்பு செல் ஒன்றைச் சுற்றி இவை வளையமாக உட்கார்ந்திருக்கும். 2003-ல் வெளிவந்த எலி ஆய்வில், ஒல்லியான எலிகளின் கொழுப்புத் திசுவில் பத்தில் ஒரு செல்லுக்கும் குறைவாக இருந்த மேக்ரோஃபேஜ்கள், மிகவும் பருத்த எலிகளில் பாதிக்கு மேல் இருந்தன.

இவை வெளியிடும் டி.என்.எஃப். என்ற பொருள், இன்சுலின் கொடுக்கும் சமிக்ஞையை செல்லுக்குள்ளேயே தடுக்கிறது. இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் சர்க்கரை உள்ளே போவதில்லை. உங்கள் 6.1-க்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு பொருளான ஐ.எல்.-6 கல்லீரலுக்குப் போய் சி.ஆர்.பி.யைச் சுரக்க வைக்கிறது. அதுதான் அந்த 4.6.

இது ஒருவழிப் பாதையும் அல்ல. கொழுப்பு கூடினால் லெப்டின் என்ற ஹார்மோன் கூடும், லெப்டின் டி செல்களைத் தூண்டிவிடும். மேக்ரோஃபேஜின் குணமே அது எதை எரிக்கிறது என்பதோடு பிணைந்திருக்கிறது: கோபமாக இருப்பவை குளுக்கோஸை வேகமாகச் செலவழிக்கின்றன, சாந்தமானவை பெரும்பாலும் கொழுப்பை நிதானமாக எரிக்கின்றன. இப்படி வளர்சிதை மாற்றம் கெட்டால் எதிர்ப்பு செல்கள் கெடும், அவை கெட்டால் வளர்சிதை மாற்றம் இன்னும் கெடும். தேவையான இடத்திலோ இந்த செல்கள் தளர்ந்து போகின்றன. பருமனானவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசியின் பலன் சீக்கிரம் குறைவதற்கும், கோவிட் தீவிரமானதற்கும் இதுவும் ஒரு காரணம். ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, அழற்சியை மட்டும் மருந்தால் அடக்கிவிட்டால்? பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி.யும் கூடியிருந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு கனகினுமாப் என்ற அழற்சியை அடக்கும் ஊசி கொடுத்த ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. சி.ஆர்.பி. இறங்கியது, மறுபடி மாரடைப்பு வருவதும் குறைந்தது. ஆனால் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது குறையவில்லை. நான் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: சி.ஆர்.பி. எண்ணைத் துரத்தாதீர்கள், வயிற்றுக் கொழுப்பைத் துரத்துங்கள். அப்புறம், பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் நடக்கிறது. அது சர்க்கரையையும் தொப்பையையும் சேர்த்தே ஏற்றிவிடும்.

சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வை உங்களுக்காகவே சொல்ல வேண்டும். உங்களைப் போல எல்லைக்கோட்டில் நின்றவர்களில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. தராசு அசையவில்லை என்று மனம் விட்டுவிடாதீர்கள். வேலை செய்யும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

ஆகவே இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் நடங்கள். வாரம் 150 நிமிடம் வேகநடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி. தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் பருப்பும் சுண்டலும் வையுங்கள். எடை 4 முதல் 6 கிலோ குறைந்தால் நல்லது. இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது நம் ஊர் எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப் வைத்து மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள்.

சி.ஆர்.பி.யைச் சளி, காய்ச்சல் எதுவும் இல்லாத நேரத்தில், இரண்டு வாரம் கழித்து ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஈறு வீக்கம் இருந்தாலும் ஏறும், பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். 10-க்கு மேல் வந்தால் கொழுப்பின் மேல் பழி போடாமல் வேறு நோய்த்தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டும். மூன்று மாதம் கழித்து சராசரி சர்க்கரையைப் பாருங்கள். அது 6.1-லிருந்து இறங்காமல் நின்றால், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைத் தொடங்கலாமா என்று டாக்டரிடம் பேசுங்கள்.